‘சீனி இல்லாத சோடா’: நீரிழிவு உள்ளவர்கள் குடிக்கலாமா?

மாசி மகத் தேரன்று மாத்தளை நகரில் நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும்போது ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த சனம் அத்தனையும் பிரதான வீதியில்தான் நிற்கும். சில வருடங்களுக்கு முன் அப்படியொரு தேர் நாளில் என் பெரியம்மாவோடு போயிருந்தேன். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். அன்று விரதம். காலையில் வெறும் வயிற்றில் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பதினொரு மணியளவில் வெயில் ஏறியபோது பெரியம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியில் வியர்வை. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். சீனி இறங்குகிறது என்று எனக்கு ஓரளவு விளங்கியது. அவரை ஒரு கடை வாசலில் உட்கார வைத்து, அவருடைய பையிலிருந்த சோடாப் போத்தலைத் திறந்து குடிக்கக் கொடுத்தேன். சீனி இறங்கினால் இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

பத்து நிமிடம் போயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. நடுக்கம் கூடியது. முதலுதவிக் கூடாரத்திலிருந்து வந்த பெண் விரலில் குத்தி அளந்து பார்த்தார். 58. “என்ன குடுத்தீங்க?” என்று கேட்டார். போத்தலைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர், “இதுல சீனியே இல்லையே அக்கா” என்றார். தண்ணீர்ப் பந்தலிலிருந்து ஒரு கப் சர்பத் கொண்டுவந்து கொடுத்தார். கால் மணி நேரத்தில் பெரியம்மா தெளிந்து, தேர் எங்கே போய்விட்டது என்று கேட்டார்.

அது ‘ஸீரோ’ என்று எழுதிய போத்தல். பல மாதங்களாகவே பெரியம்மா அதைத்தான் வாங்கி வந்திருக்கிறார். “சீனி இல்லாத சோடா புள்ள. சீனி வருத்தக்காரங்களுக்குன்னே வந்ததாம். கடைக்காரர் சொன்னாரு” என்றார். அதை அவர் ஒரு பானமாக நினைக்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு மருந்தாகவே நினைத்திருந்தார்.

இந்தக் கட்டுரை அன்று தொடங்கியது. ‘டயட்’, ‘ஸீரோ’, ‘சுகர் ஃப்ரீ’ என்று விற்கப்படும் மென்பானங்களை நீரிழிவு உள்ளவர்கள் குடிக்கலாமா? கேட்டுப் பார்த்தால் இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, “தாராளமாகக் குடிக்கலாம், சீனியே இல்லை.” மற்றது, “ஐயோ வேண்டாம், அது புற்றுநோய்.” ஆய்வுகள் சொல்வது இந்த இரண்டையும் அல்ல.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

தண்ணீர், கரியமில வாயு, நிறம், மணம், அமிலம் ஆகியவை சாதாரண மென்பானத்திலும் டயட் பானத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இனிப்பில். சாதாரணக் கோலாவில் 330 மில்லிலீற்றருக்கு சுமார் 35 கிராம் சீனி இருக்கும். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 9 தேக்கரண்டி. டயட் பானத்தில் அந்த இடத்தைச் செயற்கை இனிப்பூட்டிகள் எடுத்துக்கொள்கின்றன. அதிகம் பயன்படுபவை அஸ்பார்டேம், அசசல்பேம் பொட்டாசியம், சுக்ரலோஸ், சக்கரின் ஆகியவை. லேபிளில் இவை சில வேளைகளில் பெயருக்குப் பதிலாக எண்ணாக இருக்கும்: 950 என்றால் அசசல்பேம், 951 அஸ்பார்டேம், 954 சக்கரின், 955 சுக்ரலோஸ். ஸ்டீவியா என்ற செடியிலிருந்து எடுக்கப்படும் இனிப்பின் எண் 960.

இவற்றில் மூத்தது சக்கரின். 1879 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அஸ்பார்டேம் 1965 இல் வந்தது. அது சீனியை விடச் சுமார் 200 மடங்கு இனிப்பு. சுக்ரலோஸ் 600 மடங்கு. அதனால்தான் ஒரு முழு கேனுக்கு ஒரு சிட்டிகையிலும் குறைந்த அளவு போதுமாகிறது.

இரத்தச் சீனியை ஏற்றுமா?

பெரியம்மாவின் விடயத்தில் இதற்கான பதிலை நான் கண்ணாலேயே பார்த்தேன். நாம் குடிக்கும் சீனி குடலில் உறிஞ்சப்பட்டு நிமிடக் கணக்கில் இரத்தத்துக்குப் போய்விடுகிறது. பானத்தில் கரைந்திருக்கும் சீனிக்கு மெல்ல வேண்டிய வேலையும் இல்லை, தடுக்க நார்ச்சத்தும் இல்லை. அதனால் நீரிழிவு உள்ள ஒருவருக்குச் சாதாரண மென்பானம் மிக வேகமாக இரத்தச் சீனியை ஏற்றும் பொருட்களில் ஒன்று.

இனிப்பூட்டிகளின் பாதை வேறு. அஸ்பார்டேம் குடலில் உடைந்து இரண்டு அமினோ அமிலங்களாகவும் சிறிதளவு மெத்தனோலாகவும் மாறுகிறது. அந்த அமினோ அமிலங்கள் நாம் சாப்பிடும் பருப்பிலும் பாலிலும் இருப்பவைதான். சுக்ரலோஸின் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறுகிறது. அசசல்பேம் மாற்றமின்றிச் சிறுநீரோடு போய்விடுகிறது. எதிலிருந்தும் குளுக்கோஸ் வருவதில்லை. ஆகவே ஒரு டயட் பானத்தைக் குடித்த அடுத்த ஒரு மணி நேரத்தில் இரத்தச் சீனி அந்தப் பானத்தால் ஏறப்போவதில்லை.

இதில் ஒரு நன்மையும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. நன்மை தெரிந்ததே. ஆபத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. கிளிக்லசைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சாப்பாடு பிந்தினால், விரதம் இருந்தால், வழக்கத்தை விடக் கூடுதலாக நடந்தால், இரத்தச் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாம். (மெட்போர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது.) நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, குழப்பமான பேச்சு ஆகியவை அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் மயக்கம், வலிப்பு, சில வேளை உயிராபத்து.

அப்போது தேவை 15 கிராம் அளவிலான உண்மையான சீனி. மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். அரைக் கப்பை விடச் சற்றுக் கூடுதலாக, சுமார் 150 மில்லிலீற்றர் சாதாரண மென்பானமும் போதும். 15 நிமிடம் பொறுத்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். சரியானதும் ஒரு பிஸ்கட்டோ பாணோ சாப்பிட வேண்டும். சுயநினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

டயட் பானம் இந்த இடத்தில் தண்ணீருக்குச் சமம். இனிப்பு நாக்கில் மட்டும்தான். நாம் ‘இனிப்பாக ஏதோ கொடுத்துவிட்டோம்’ என்று நம்பிக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் ஆபத்து. நீரிழிவு உள்ளவர் இருக்கும் வீட்டில் டயட் பானம் வாங்குவதாக இருந்தால், இதை வீட்டிலுள்ள பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

புற்றுநோய்ச் செய்தி எங்கிருந்து வந்தது?

2023 ஜூலை 14 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் அஸ்பார்டேமை ‘2பி’ என்ற பிரிவில் சேர்த்தது. ‘மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்’ என்பது அந்தப் பிரிவின் பெயர். அந்த வாரம் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய செய்திகள் எல்லாம் அந்தத் தலைப்போடு நின்றுவிட்டன.

அந்த முகவரகம் பிரிப்பது ஆதாரத்தின் பலத்தைத்தான். ஆபத்தின் அளவை அல்ல. மதுபானமும், பதப்படுத்தப்பட்ட இறைச்சியும் முதலாம் பிரிவில் இருக்கின்றன, ஏனென்றால் அவற்றுக்கு எதிரான ஆதாரம் உறுதியானது. 2பி என்பது ‘சில ஆய்வுகளில் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது, ஆனால் ஆதாரம் குறைவு’ என்ற நிலை. கற்றாழையின் முழு இலைச் சாறும், ஆசிய நாடுகளின் பாரம்பரிய முறையில் ஊறவைத்த மரக்கறிகளும் அதே 2பி பிரிவில்தான் இருக்கின்றன.

அதே நாளில் வெளியான இன்னோர் அறிக்கையை அந்தச் செய்திகள் சொல்லவில்லை. உணவுச் சேர்க்கைகளை மதிப்பிடும் உலக சுகாதார நிறுவனம், உணவு விவசாய நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு நிபுணர் குழு, அஸ்பார்டேமுக்கான அன்றாட எல்லையை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்பது அந்த எல்லை. என் பெரியம்மாவின் எடை 50 கிலோ. அவருக்கான எல்லை 2,000 மில்லிகிராம். ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருக்கிறது என்று வைத்தால், அவர் ஒரே நாளில் ஏழிலிருந்து பத்து கேன் வரை, அதுவும் ஒவ்வொரு நாளும் குடித்தால்தான் அந்த எல்லையைத் தொடுவார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பினைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்களின் உடலால் பினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தைச் சமாளிக்க முடியாது. அஸ்பார்டேம் உடையும்போது வருவது அதுதான். அவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. போத்தலில் சிறிய எழுத்தில் பினைல்அலனைன் பற்றி எழுதியிருப்பது இவர்களுக்கான எச்சரிக்கை. நீரிழிவோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் சொல்லாததும்

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2023 மே 15 அன்று, உலக சுகாதார நிறுவனம் இன்னொரு வழிகாட்டலை வெளியிட்டது. உடல் எடையைக் கட்டுப்படுத்தவோ தொற்றா நோய்களின் ஆபத்தைக் குறைக்கவோ சீனியல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அதன் பரிந்துரை. இந்த இனிப்பூட்டிகள் நீண்ட காலத்தில் எடையைக் குறைக்க உதவுவதாகத் தெரியவில்லை. அத்தோடு, இவற்றை அதிகம் பயன்படுத்துவோரிடம் இரண்டாம் வகை நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகக் காணப்படுவதாகச் சில நீண்ட கால ஆய்வுகள் காட்டின. இவை அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

நமது கேள்விக்கு மிக முக்கியமான வரி அந்த அறிவிப்பிலேயே இருந்தது. இந்தப் பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் பொருந்தும். இதைச் சிலர் ‘நீரிழிவுக்காரருக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது’ என்று வாசித்துக்கொண்டார்கள். அது தவறு. நீரிழிவு உள்ளவர்களைப் பற்றி அந்த வழிகாட்டல் ஆராயவில்லை என்பதே அந்த வரியின் பொருள். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு நேரடியாக ஆலோசனை சொல்வது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் போன்ற அமைப்புகள். சீனி சேர்த்த பானங்களை விட்டுவிடுவதற்கு ஓர் இடைக்கால வழியாக, அளவோடு, இனிப்பூட்டி சேர்த்த பானங்களைப் பயன்படுத்தலாம், ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் தண்ணீர் என்பதே அவர்களுடைய நிலைப்பாடு. நான் வாசித்தவற்றில் மிகவும் நேர்மையாகத் தோன்றிய பதில் இது.

நீண்ட காலம் குடித்தால்?

இங்கேதான் கேள்வி சிக்கலாகிறது. டயட் பானம் அதிகம் குடிப்பவர்களிடம் நோய்கள் அதிகம் காணப்படுகின்றன என்று ஓர் ஆய்வு சொன்னால், பானத்தால் நோய் வந்ததா, நோய் இருப்பதால் அவர்கள் அந்தப் பானத்துக்கு மாறினார்களா என்று பிரித்தறிவது கடினம். என் பெரியம்மாவையே எடுத்துக்கொள்வோம். அவர் ஸீரோ சோடா குடிக்கிறார், அவருக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. ஆனால் சோடாவால் சீனி வருத்தம் வரவில்லை. சீனி வருத்தம் வந்ததால்தான் அந்தச் சோடாவுக்கு மாறினார்.

இந்தச் சிக்கலை ஓரளவு தாண்ட, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை மட்டும் பல வருடங்கள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2023 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. அமெரிக்காவில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 15,486 பேரின் குடிபானப் பழக்கம் அதில் ஆராயப்பட்டது. சீனி சேர்த்த பானங்களை அதிகம் குடித்தவர்கள், குறைவாகக் குடித்தவர்களை விட இறக்கும் ஆபத்து சுமார் 20 வீதம் கூடுதலாக இருந்தது. கோப்பி, தேநீர், தண்ணீர் குடித்தவர்களிடம் அந்த ஆபத்து குறைவாக இருந்தது. சீனிப் பானத்துக்குப் பதிலாக டயட் பானத்துக்கு மாறுவது ஓரளவு நன்மையோடு தொடர்புபட்டிருந்தது. தண்ணீர், தேநீர், கோப்பிக்கு மாறுவது அதைவிடக் கூடிய நன்மையோடு தொடர்புபட்டிருந்தது.

எடை பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஈரானில் நீரிழிவும் உடற்பருமனும் உள்ள 81 பெண்களை வைத்து 24 வாரங்கள் நடத்திய பரிசோதனையில், டயட் பானத்தை விட்டுத் தண்ணீருக்கு மாறியவர்கள் சற்றுக் கூடுதலாக எடை குறைந்தார்கள். அமெரிக்காவில் நீரிழிவு இல்லாத 303 பேரை வைத்து ஒரு வருடம் நடத்திய இன்னொரு பரிசோதனையில், டயட் பானம் குடித்தவர்களே கூடுதலாக எடை குறைந்தார்கள். இரண்டாவது ஆய்வுக்கு நிதி கொடுத்தது அமெரிக்க மென்பான உற்பத்தியாளர்களின் சங்கம். அதனால் மட்டும் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் வாசிக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விடயம்.

குடலில் வாழும் நுண்ணுயிர்கள் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2022 இல் ‘செல்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வில் 120 ஆரோக்கியமான வளர்ந்தவர்கள் பங்குபற்றினார்கள். இரண்டு வாரம் சக்கரினோ சுக்ரலோஸோ எடுத்தவர்களில் சிலருக்கு உடல் குளுக்கோஸைச் சமாளிக்கும் விதம் மாறியது. எல்லோருக்கும் மாறவில்லை. இதை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் ‘உடலில் ஒன்றும் செய்யாமல் போய்விடுகிறது’ என்ற பழைய நம்பிக்கையை அது கேள்விக்கு உட்படுத்தியது.

உறுதியாகத் தெரிந்த தீமைகளும் உண்டு. சீனி இல்லாவிட்டாலும் இவை அமிலப் பானங்கள்தான், பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்கெனவே முரசு நோய் வரும் வாய்ப்பு அதிகம். கறுப்பு நிறக் கோலாக்களில் பொஸ்போரிக் அமிலம் இருப்பதால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வதுண்டு. நீண்ட காலச் சீனி வருத்தம் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால் இதைக் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பச்சை, செம்மஞ்சள், சிவப்பு

இலங்கையில் 2016 ஓகஸ்ட் 1 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டம் கட்டாயமாக்கப்பட்டது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதி அது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. அடுத்த வருடம் நவம்பரில் ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டது.

நிற வட்டம் நல்ல ஏற்பாடு. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. செம்மஞ்சள் என்ற பட்டை மிக அகலமானது. 100 மில்லிலீற்றருக்கு 3 கிராம் சீனி உள்ள பானமும் செம்மஞ்சள், 10 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள். 100 மில்லிலீற்றருக்கு 9 கிராம் சீனி உள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை முழுதாகக் குடித்தால் 36 கிராம் சீனி உள்ளே போகிறது. அது 9 தேக்கரண்டி. உலகின் பல நாடுகளில் விற்கப்படும், 100 மில்லிலீற்றருக்கு 10.6 கிராம் சீனி உள்ள சாதாரணக் கோலா கூட இந்தக் கணக்கில் சிவப்புக்குள் வராது. ஆகவே ‘சிவப்பு இல்லையே’ என்று நீரிழிவு உள்ளவர் திருப்திப்படக் கூடாது. அவர் பார்க்க வேண்டியது வட்டத்துக்குள் எழுதியிருக்கும் எண்ணை. அதைப் போத்தலின் அளவோடு பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் சொற்களில். ‘சீனி சேர்க்கப்படவில்லை’ என்பது ‘சீனி இல்லை’ என்பதல்ல. பழச்சாறுப் பக்கற்றில் தனியாகச் சீனி சேர்க்காவிட்டாலும் பழத்திலிருந்து வந்த சீனி இருக்கும். செவ்விளநீரிலும் இயற்கையான சீனி இருக்கிறது. ‘லைட்’ என்ற சொல்லுக்கும் பூச்சியம் என்று அர்த்தமில்லை. சீனியையும் இனிப்பூட்டியையும் பாதிக்குப் பாதி கலந்த பானங்களும் சந்தையில் இருக்கின்றன. உள்ளடக்கப் பட்டியலில் ‘சுகர்’ என்ற சொல்லும் 950, 951 போன்ற எண்களும் ஒன்றாக இருந்தால் அது அப்படிப்பட்ட கலவை.

சோடாவை விடப் பெரிய கணக்கு

பெரியம்மாவின் ஒரு நாளை அவரோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஸீரோ சோடா வாரத்தில் இரண்டு, மூன்று முறை மட்டும்தான். ஆனால் பிளேன்டி ஒரு நாளைக்கு ஐந்து தரம். “அரைக் கரண்டிதான் போடுவேன்” என்றார். போடச் சொல்லிப் பார்த்தேன். அவருடைய ‘அரைக் கரண்டி’ கோபுரமாகக் குவிந்த ஒன்றரைத் தேக்கரண்டி. ஐந்து தரத்துக்கு 30 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான வளர்ந்தவர் ஒருவருக்கே நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் கீழேயும், முடிந்தால் 25 கிராமுக்குக் கீழேயும் சேர்க்கப்பட்ட சீனியைக் குறைக்கச் சொல்கிறது. பெரியம்மா தேத்தண்ணீரிலேயே அதைத் தாண்டிவிடுகிறார்.

தோட்டத்தில் பிளேன்டி ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் மலைக்கு ஏறுபவருக்குச் சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் சக்தி அதுதான். கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணீரும்தான் பல தலைமுறைகளின் காலை உணவு. உடல் உழைப்பு இருந்தபோது அது எரிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அளவு மாறவில்லை.

சோடாவை ‘ஸீரோ’வுக்கு மாற்றியதும், தான் சீனியைக் கட்டுப்படுத்திவிட்டதாக அவர் நம்பினார். ஸீரோ சோடாவோடு ஒரு கேக் துண்டும் ஒரு ரோல்ஸும் சாப்பிட்டால் பரவாயில்லை என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து வந்தது. எனக்கு இந்தப் பானத்தில் உள்ள இரசாயனத்தை விட அது கொடுக்கும் இந்த நிம்மதிதான் அதிகம் பயத்தைத் தந்தது.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. 2005–2006 இல் நாடு தழுவிய ஆய்வொன்றில் வளர்ந்தவர்களில் சுமார் 10 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தனக்கு நோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. 2018–2019 இல் நடந்த இலங்கை சுகாதாரமும் முதுமையும் பற்றிய ஆய்வு, வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவும், மேலும் 30 வீதமானோருக்கு நீரிழிவுக்கு முந்திய நிலையும் இருப்பதாகக் கணித்தது. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல. ஆனாலும் திசை எது என்பதில் சந்தேகமில்லை.

அப்படியென்றால் குடிக்கலாமா?

நான் வந்து சேர்ந்த இடத்தை எளிமையாகச் சொல்கிறேன். தினமும் சீனிச் சோடா குடிக்கும் நீரிழிவுக்காரர் ஒருவர் அதை விட முடியாமல் இருந்தால், டயட் பானத்துக்கு மாறுவது அவருக்கு ஒரு முன்னேற்றம். கல்யாண வீட்டிலோ பயணத்திலோ எப்போதாவது ஒரு கிளாஸ் குடிப்பதால் இரத்தச் சீனி ஏறாது, அதற்காகப் புற்றுநோயை நினைத்துப் பயப்படவும் தேவையில்லை. சோடாப் பழக்கமே இல்லாதவர் ‘உடம்புக்கு நல்லது’ என்று நினைத்து இதைப் புதிதாகத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர்தான். சீனி போடாத பிளேன்டி அதற்கு அடுத்தது. அதையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. வாரத்துக்குக் கால் கரண்டி குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

அடிக்கடி தாகம் எடுப்பதால்தான் சோடா குடிக்கிறேன் என்பவர்கள் முதலில் இரத்தச் சீனியைப் பார்க்க வேண்டும். அந்தத் தாகமே சீனி ஏறியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். 35 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். எந்த நாளில் எங்கே நடக்கிறது என்பதை அந்தந்தப் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். விரதம் இருப்பவர்கள் அந்த நாளில் குளிசையை எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

பெரியம்மா இப்போதும் தேருக்கு வருகிறார். விரதத்தன்று வைத்தியர் சொன்னபடிதான் குளிசை எடுக்கிறார். தேத்தண்ணீருக்கு முக்கால் கரண்டி. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார். ஸீரோ போத்தல் எப்போதாவது பையில் இருக்கும், நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அதே பையில், கிளினிக் கொப்பிக்குப் பக்கத்தில், காகிதத்தில் சுற்றிய நாலு கரண்டி சீனியும் இருக்கிறது. அதை வைத்தது நான்தான்.